நடுவில் நின்ற அக்கா

இரண்டு பேருக்கு நடுவில் நின்று மொழிபெயர்க்கும்போது அக்கா பேசுகிறவரின் முகத்தைப் பார்க்க மாட்டார். கேட்கப்போகிறவரின் முகத்தைத்தான் பார்ப்பார். கைப்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஆங்கிலத்தைக் காதால் வாங்கிக்கொள்வார். பேச்சு முடிந்ததும் உதடு மட்டும் ஒருமுறை அசையும். அதற்குப் பிறகுதான் தமிழ் வரும். வருகிற தமிழ், வாங்கிய ஆங்கிலத்தைவிட எப்போதும் கட்டையாக, சுருக்கமாக இருக்கும்.

அவருக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். எனக்கு எழுபத்தாறு. ஆனாலும் எங்கள் குடியிருப்பில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் அக்காதான். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கேட்டு எழுதலாமென்றால் அவர் இப்போது இங்கே இல்லை.

எங்களுடையது, இலங்கையிலிருந்து வந்து குடியேறிய இந்தக் குளிர்நாட்டில், மில்லிக்கன் என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுக் குடியிருப்பு. நான்கு வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய முப்பத்திரண்டு வீடுகள். அதில் பதினொரு வீட்டில் எங்கட ஆக்கள். ஆங்கிலம் சரளமாக வருகிற பிள்ளைகள், மருமக்கள் எல்லாம் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். பகலில் மிஞ்சுவது நாங்கள் ஒன்பது கிழடுகளும் அக்காவும். அக்காவின் கணவர் தூர இடங்களுக்கு லொறி ஓட்டுகிறவர், வீட்டில் நிற்கிற நாள் குறைவு. அக்காவுக்கு டோனற்றும் கோப்பியும் விற்கிற கடையில் விடியப்புற வேலை. மதியத்துக்கு முன் வீட்டுக்கு வந்துவிடுவார். அதன் பிறகு எந்த வெள்ளைக்காரன் எவர் கதவைத் தட்டினாலும், "கொஞ்சம் நில், அக்காவைக் கூப்பிடுறன்" என்பதைச் சைகையால் காட்டிவிட்டு ஓடுவார்கள்.

ஒரு கோடையில் எங்கள் வரிசையின் மூன்றாம் வீட்டு ரீச்சர் முன்படியில் பழைய சீலையை விரித்து மிளகாய் காயப்போட்டிருந்தார். ரீச்சர் ஊரில் தமிழ் படிப்பித்தவர், ஆங்கிலத்தோடு அவருக்கு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. குடியிருப்பின் மனேஜர் வந்து நின்று, இது என்ன குப்பை கொட்டுகிற இடமா, இன்னொரு முறை கண்டால் நானே அள்ளி எறிவேன் என்று கத்தினார். அக்கா ரீச்சரின் முகத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"மிளகாய் நல்ல சிவப்பாம் ரீச்சர். காத்துக்குப் பறந்திடுமாம், உள்ளுக்கை எடுத்து வைக்கட்டாம்."

"உவன்ரை கண் பட்டுத்தான் போனமுறையும் பூஞ்சணம் பிடிச்சது. போகச் சொல்லு உந்தக் குரங்கை."

அக்கா மனேஜர் பக்கம் திரும்பி, சொன்னதற்கு நன்றியாம், உடனே எடுத்துவிடுவாராம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். மனேஜர் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த கிழமை ரீச்சர் ஒரு போத்தல் மிளகாய்த்தூளை அக்காவின் கையிலேயே மனேஜருக்குக் கொடுத்தனுப்பினார், நல்ல மனுசன் என்று.

இதையெல்லாம் நான் என் வீட்டு யன்னலில் நின்று கேட்டேன். நான் இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்தவன், ஆங்கிலமும் விளங்கும். ஓர் அங்குலம் பிசகினாலும் இரண்டு குடும்பம் வழக்கென்று கோட்டுக்குப் போகும் என்று பழகியவன். அக்காவைக் கூப்பிட்டு, அவன் சொன்னது வேறு, நீங்கள் சொன்னது வேறு, இது பிழை என்றேன். அவர் சிரித்தார்.

"அண்ணை, கடையில கோப்பியை மூடி போட்டுத்தான் குடுக்கிறது. வேண்டிற ஆள் கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாது."

அந்தக் கடையில்தான் அவர் ஆங்கிலம் படித்தார். மன்னாரிலிருந்து வந்தபோது ஆங்கிலத்தில் ஆம், இல்லை என்ற இரண்டு சொல் மட்டும்தான் தெரியும் என்பார். விடியற்காலையில் கோப்பிக்கு வருகிறவர்கள் ஒருவரும் நல்ல குணத்தில் இருப்பதில்லை. அவர்களுடைய கோபத்தில் பாதி நித்திரைக் குழப்பம், அதைக் கழித்துவிட வேண்டும், மிச்சத்தில்தான் அந்த ஆளுக்கு வேண்டியது இருக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. சீனி வேண்டுமா, பால் கூடவா, சில்லறை குறைவா. அதை மட்டும் எடுத்துக்கொண்டால் எவரோடும் சண்டை வராது. கடையில் சரியாக வேலை செய்த இந்த வழியை அவர் அப்படியே எங்கள் குடியிருப்புக்கும் கொண்டுவந்தார்.

மொழி ஒன்றாக இருந்தாலும் அவர் நடுவில் நிற்பார். ரீச்சரும் நான்காம் வீட்டு ஐயாவும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஐயா தன் வாசல் பனியை வழித்து ரீச்சரின் வாசலில் தள்ளினார் என்பது வழக்கு. இருவருக்கும் தமிழ்தான், ஆனாலும் ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை மற்றவர் அக்காவிடம் சொல்லி அனுப்புவார். இந்தப் பக்கம் புறப்பட்ட வசவு அந்தப் பக்கம் சுகம் விசாரிப்பாகப் போய்ச் சேரும். இருவரும் ஒருநாளும் நேரில் பேசவில்லை, ஆனால் இருவருக்கும் மற்றவரைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்தது.

அந்த நான்காம் வீட்டு ஐயாவைக் கண் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனதும் அக்காதான். இனிக் கார் ஓடவே கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அக்கா ஐயாவின் முகத்தைப் பார்த்திருக்கிறார். கார் ஓடுவதைத் தவிர இந்த நாட்டில் ஐயாவுக்கு வேறு சந்தோசம் இல்லை. "மெள்ளமா ஓடட்டாம்" என்று சொல்லிவிட்டார். ஐயா மெள்ளமாக ஓடிப்போய்க் குடியிருப்பின் குப்பைத் தொட்டிகள் மூன்றைச் சாய்த்தார். ஒருவருக்கும் காயமில்லை. எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அந்தத் தொட்டிகளுக்குப் பக்கத்தில்தான் ரீச்சரின் பேத்தி சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தாள். இதை அக்காவிடம் சொன்னபோது அவர் முகம் ஒரு கணம் வாடியது. ஐயாவின் மகனிடம் சொல்லிக் கார்ச் சாவியை ஒளித்துவைக்கச் செய்தார். ஐயாவிடம், சாவி தொலைந்துவிட்டது, புதியது செய்யக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவைத்தார்.

நான் அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவரிடம் நானும் உதவி வாங்கியிருக்கிறேன்.

என் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது நானே மொழிபெயர்க்கலாம் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை, அக்கா வரட்டும் என்றாள். டொக்டர் பேசினார். எண்ணுவது எனக்குத் தொழிலில் ஒட்டிக்கொண்ட பழக்கம். டொக்டர் பேசியது பதினொரு வசனம். அக்கா என் மனைவிக்குச் சொன்னது மூன்று. கட்டி இருக்காம். மருந்து இருக்காம். சாப்பாட்டைக் கவனிக்கட்டாம். மனைவி, இடியப்பம் சாப்பிடலாமா என்று கேட்கச் சொன்னாள். டொக்டர் கொஞ்சம் திகைத்து, சாப்பிடலாம் என்றார்.

வெளியே வந்ததும் நான் அக்காவிடம் எரிந்து விழுந்தேன். மிச்சம் எட்டு வசனம் எங்கே என்று கேட்டேன்.

"நீங்கள் எண்ணிப் பாத்துச் சொல்லுவீங்கள் அண்ணை. நான் முகத்தைப் பாத்துச் சொல்லுறன். அந்த முகம் மூண்டுக்கு மேல தாங்காது."

மனைவி அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருந்தாள். இடியப்பம் சாப்பிட்டாள், பின்வளவில் கீரை போட்டாள், தங்கையின் மகனுக்குப் பெண் பார்த்தாள். அந்த எட்டு வசனமும் என்னிடமே இருந்தன. இரவில் அவற்றை நான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பேன், பக்கத்தில் அவள் குறட்டை விட்டுத் தூங்குவாள். அவற்றைக் கேட்காமலே போய்ச் சேர்ந்தாள். அதற்காக அக்காவுக்கு நான் பட்ட கடன் பெரியது. அதனால்தான் பிறகு நடந்ததை எங்கே வைப்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

எங்கள் வீடுகளில் தனித்தனியே சூடாக்கும் இயந்திரம் கிடையாது. குடியிருப்பின் மூலையில் ஒரு பொயிலர் கட்டடம் இருக்கிறது. அங்கே காய்ச்சிய தண்ணீர் நிலத்துக்குக் கீழே குழாய்களில் முப்பத்திரண்டு வீட்டுக்கும் வந்து, சுவரோரத்து ஹீற்றர்களைச் சூடாக்கிவிட்டுத் திரும்பிப் போகும். எந்த வீடு கூட எடுக்கிறது என்ற சண்டை ஓயாததால் பல வருடங்களுக்கு முன்பே ஒவ்வொரு வீட்டு பேஸ்மென்றிலும் ஒரு மீற்றர் பூட்டியிருந்தார்கள். முன்கூட்டியே காசு போட வேண்டிய மீற்றர். பிளாசாக் கடையில் ஒரு கார்டை நிரப்பிக்கொண்டு வந்து, கீழே இறங்கி, மீற்றரின் வாயில் செருகினால் ஹீற் வரும். காசு முடிந்தால் நிற்கும். ஆனால் சனி ஞாயிறில் நிற்காது, கடைக்குப் போய்வரத் திங்கள்வரை பொறுத்துக்கொள்ளும்.

அந்த மீற்றர்கள் பழசாகிவிட்டன, உதிரிப்பாகம் கிடைப்பதில்லை என்று நிர்வாகக் குழு எல்லா வீட்டிலும் புதியவற்றைப் பூட்டத் தீர்மானித்தது. புதியதற்குக் கார்ட் இல்லை. போனிலிருந்து காசு போடலாம். வேறு ஊரான விட்பியில் இருக்கிற மகள் அங்கிருந்தபடியே மில்லிக்கனில் இருக்கிற தாய்க்குப் போடலாம். பனியில் சறுக்கிச் சறுக்கிப் பிளாசாவுக்கு நடந்த எங்களுக்கு அது பெரிய நிம்மதியாகத்தான் பட்டது.

ஒன்றை மட்டும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். புதிய மீற்றரில் காசு முடிந்தால் எந்தக் கிழமை என்று பாராமல் வால்வு மூடிக்கொள்ளும். பிறகு போனில் காசு போட்டாலும் வால்வு தானாகத் திறக்காது. வீட்டில் இருப்பவர் கீழே இறங்கி, மீற்றரில் உள்ள ஒரு பட்டனைப் பச்சை வெளிச்சம் வரும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆளில்லாத வீட்டில் சுடுதண்ணீர் திடீரென்று பாய்ந்து எங்காவது ஒழுகிவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பழையதில் கார்டைச் செருக எப்படியும் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும், அதனால் இந்தக் கேள்வியே எழவில்லை. புதியதில் போனில் காசு இருக்கும், வீட்டில் ஹீற் இருக்காது.

இலையுதிர் காலத்தில் மீற்றர் பூட்டுகிறவன் வந்தான். பெரிய உடம்பு, பொறுமை குறைவு. ஒரு நாளைக்கு இத்தனை வீடு முடிக்க வேண்டும் என்று அவனுக்கு மேலே ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். எங்கட பதினொரு வீட்டிலும் மீற்றருக்கு முன்னால் அரிசி மூட்டை அடுக்கியிருந்தது. என் வீட்டில் மூன்று, ரீச்சர் வீட்டில் ஆறும் ஒரு பெட்டி மாசிக் கருவாடும். ரீச்சர் வீட்டில் அவன் வாய்க்கு வந்தபடி கத்தினான். "தம்பிக்குத் தோள் அகலமாம், கொஞ்சம் இடம் வேணுமாம்" என்றார் அக்கா. ரீச்சர் மூட்டைகளை இழுக்க ஆள் பிடித்ததோடு அவனுக்கு இரண்டு ரோல்ஸும் சுடவைத்துக் கொடுத்தார். என் வீட்டில் அவன் பட்டனைப் பற்றி எனக்கு இரண்டு தரம் சொன்னான், என்னையும் அழுத்திப் பார்க்கச் செய்தான். அங்கே அக்காவுக்கு வேலை இருக்கவில்லை.

எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்கு அவன் போனபோது பின்னேரமாகிவிட்டது. அந்த வீட்டில் இன்னோர் ஐயாவும், நாங்கள் அம்மா என்று கூப்பிடுகிற அவர் மனைவியும் மட்டும். ஐயாவுக்கு நெஞ்சில் இழுப்பு, முழங்கால் இரண்டும் போய் வருடக்கணக்கு. அம்மா எதற்கும் முதலில் பயப்படுகிறவர். கதவைத் தட்டினாலே யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்பார். அன்றைக்கு நான் அங்கே இல்லை. அவன் என்ன சொன்னான், அக்கா என்ன சொன்னார் என்பதைப் பிறகு அக்காவின் வாயாலேயே கேட்டேன்.

அவன் சொன்னது இது. இது பழையதைப் போல இல்லை என்று இவர்களுக்குச் சொல்லு. காசு முடிந்து, இதில் வந்து அழுத்தாவிட்டால், போனில் எவ்வளவு போட்டாலும் ஹீற் வராது. இந்த வயதில் உறைந்து செத்துப்போவார்கள், நான் கண்டிருக்கிறேன். இதற்காக நான் இன்னொரு தரம் வர மாட்டேன்.

படியின் பாதியில் ஐயா கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். அம்மா, "என்னவாம் பிள்ளை, ஏதும் பயமோ?" என்று கேட்டிருக்கிறார். அக்கா அந்த முகத்தைப் பார்த்தார்.

"ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாமாம் அன்ரி. மகள் போனில போட்டா வந்திடும். ஏதும் எண்டா இதில ஒரு பட்டனும் இருக்காம்."

விளங்கிவிட்டதா என்று அவன் கேட்டான். விளங்கிவிட்டது என்றார் அக்கா. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனான். அம்மா அந்த மீற்றருக்கு முன்னால் அரிசி மூட்டைகளைத் திரும்ப அடுக்கிவைத்தார்.

தையில், குளிர் கடுமையான ஒரு வெள்ளிக்கிழமை மாலை அந்த வீட்டில் காசு முடிந்தது. விட்பியில் இருக்கும் அவர்களுடைய மகள் மறுநாள் காலைதான் போனைப் பார்த்தாள், உடனே காசு போட்டாள். போனில் எல்லாம் பச்சையாகக் காட்டியது. தாயைக் கூப்பிட்டு, போட்டிட்டன் அம்மா, இப்ப வரும் என்றாள். அம்மாவும், ஓம், வந்திடும் என்றார். ஞாயிற்றுக்கிழமை மகள் திரும்பவும் எடுத்து, வீடு சூடாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் இவள் இந்தப் பனியில் காரை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவாள் என்று அம்மாவுக்குப் பயம். "சூடுதான், நீ உன்ரை வேலையைப் பார்" என்று சொல்லிவிட்டார். ஐயாவுக்கு இரண்டு ஜாக்கெட் போட்டு, ஓவன் அடுப்பைப் போட்டு, கதவைத் திறந்துவைத்து, அதன் முன்னால் கதிரையில் இருத்தினார். தானாக வரும் என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கள் மதியம் அம்மா காலுறைக்கு மேல் வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு அக்காவின் கதவைத் தட்டினார். முறைப்பாடு சொல்ல வரவில்லை. "பொயிலர்க்காரரை ஒருக்காக் கேட்டுச் சொல்லு பிள்ளை, எப்ப வருமெண்டு. அவசரமில்லை" என்றார்.

நான் என் வாசலில் பனி கரைய உப்புத் தூவிக்கொண்டு நின்றேன். அக்கா மேலங்கி இல்லாமல் ஓடுவதைக் கண்டு பின்னால் போனேன். நான் கீழே இறங்கியபோது அவர் தனி ஆளாக அரிசி மூட்டைகளை இழுத்து விழுத்திவிட்டு, மீற்றரின் பட்டனில் பெருவிரலை வைத்து நின்றார். பச்சை வெளிச்சம் வந்தது. சுவருக்குள் குழாய் ஒருமுறை தட்டியது, பிறகு தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அவர் விரலை எடுக்கவில்லை. காணும் அக்கா, விடுங்கோ, வந்திட்டுது என்றேன்.

"அவன் வடிவாச் சொன்னவன் அண்ணை," என்றார். "ஒண்டும் விடாமல் சொன்னவன். நான்தான் சொல்லேல்லை."

அங்கே நின்றபடியே இரண்டையும் சொன்னார், அவன் சொன்னதையும் தான் சொன்னதையும். சொல்லி முடிப்பதற்குள் மேலேயிருந்து அம்மா கூப்பிட்டார், இவர் கண்ணை முழிக்கிறாரில்லை என்று.

அம்புலன்ஸ் ஐயாவைக் கொண்டுபோனது. அம்மாவையும் அக்காவையும் நான் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். செய்தி கேட்டுப் புறப்பட்ட மகள் நெடுஞ்சாலையில் பனிக்குள் அகப்பட்டு நின்றாள். டொக்டர் ஓர் இளம் பெண், நிதானமாக, அம்மாவைப் பார்த்தே பேசினார். ஒன்பது வசனம். அக்கா அன்று அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, டொக்டரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு வசனம் முடிந்ததும் அதை அப்படியே தமிழில் சொன்னார். நெஞ்சில் இரண்டு பக்கமும் சளி பிடித்து மோசமாம். உடம்புச் சூடு நன்றாகக் குறைந்துவிட்டதாம். வயதுக்கு இது பெரிய பாரமாம். மருந்துக்கு உடம்பு கேட்கலாம், கேட்காமலும் போகலாமாம். பிள்ளைகள் இருந்தால் வரச் சொல்லட்டாம். எதையும் அவர் விடவில்லை. நானும் எண்ணிக்கொண்டு வந்தேன், ஒன்பதுக்கு ஒன்பது.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆள் போயிட்டாரோ பிள்ளை?"

"இல்லை அன்ரி. டொக்டர் சொன்னது இவ்வளவுந்தான்."

"நீயே இவ்வளவு சொல்லுறியெண்டா, அவ எவ்வளவு சொல்லியிருப்பா."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். செத்த வீட்டு அழுகை. ஐயா அடுத்த அறையில் உயிரோடு கிடந்தார். டொக்டர் பதறிப்போய், இவருக்கு என்ன சொன்னாய் என்று கேட்டார். நீங்கள் சொன்னதைத்தான் என்றார் அக்கா. அதையே இன்னொரு தரமும் சொன்னார். அம்மாவின் தோளைப் பிடித்து, இருக்கிறார் அன்ரி, உயிரோடை இருக்கிறார் என்று எத்தனையோ தரம் சொன்னார். அம்மா அதை நம்பவில்லை. என்னையும் நம்பவில்லை. மகள் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய பிறகுதான் அழுகை நின்றது. ஐயா அந்தக் கிழமை முடிவதற்குள் போய்விட்டார். அப்போது அம்மா சத்தம் போட்டு அழவில்லை.

பிறகு நிர்வாகக் குழு எல்லா மீற்றருக்கும் பக்கத்தில் தமிழிலும் ஓர் அறிவித்தல் ஒட்ட வேண்டும் என்றது. அக்காவைக் கேட்டார்கள், தனக்கு இங்கிலிஷ் காணாது என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். நான் எழுதிக் கொடுத்தேன், மூன்று வரி. ரீச்சர் அதை வாசித்துவிட்டு, அதட்டுகிற மாதிரிக் கிடக்கு, அக்கா எழுதியிருந்தால் வடிவாக இருந்திருக்கும் என்றார். அந்த வீட்டுப் படியில் நடந்தது ரீச்சருக்குத் தெரியாது. அக்கா அதை இரண்டு இடத்தில்தான் சொன்னார். பனி கரைந்ததும் அவரும் கணவரும் வேறெங்கோ வீடு பார்த்துப் போய்விட்டார்கள். ரூஜ் பக்கம் என்று ஒருவர் சொன்னார், இல்லை, வேறு மாகாணம் என்று இன்னொருவர். ரீச்சருக்கும் நான்காம் வீட்டு ஐயாவுக்கும் நடுவில் இப்போது ஒரு சொல்லும் போவதில்லை.

அவர் போவதற்கு முன், ஐயா இறந்த முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியை முடிந்து கடைசி வீட்டில் சாப்பாடு நடந்தது. வீடு நல்ல சூடாக இருந்தது. மகள் சமையலறையில் நின்றாள். அம்மா வெள்ளைச் சேலையோடு கூடத்துக் கதிரையில் இருந்தார். அக்கா தேவாலயத்துக்குப் போகிறவர், கிரியை முடியும்வரை வெளியே நின்று, பிறகுதான் உள்ளே வந்தார். வந்தவர் நேரே போய் அம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். பந்தியில் எனக்குக் கிடைத்த இடம் அவர்களுக்குக் கிட்ட. மீற்றர் பூட்டினவன் சொன்னதை அக்கா முதலில் சொன்னார், செத்துப்போவார்கள் என்றதையும் விடவில்லை. பிறகு தான் சொன்னதைச் சொன்னார். 

 அம்மா அக்காவின் தலையில் கையை வைத்தார்.

"அவருக்கு நெஞ்சு முந்தியே பழுது பிள்ளை. பட்டனை அமத்தியிருந்தாலும் போயிருப்பாராம். டொக்டர் மகளிட்டைச் சொன்னவ."

டொக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. மகள் டொக்டரோடு பேசிய ஒவ்வொரு முறையும் நானும் பக்கத்தில் நின்றேன். அக்காவும் நின்றார்.

"அன்ரி, என்னை ஒருக்கா ஏசுங்கோ," என்றார் அக்கா.

அம்மா சமையலறைப் பக்கம் திரும்பி, "பிள்ளைக்கு இலையைப் போடு, இன்னும் சாப்பிடேல்லை" என்று மகளுக்குச் சொன்னார்.